முதல் வெளிநாட்டுப் படைப்பணி: குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா, பின்னால் அழைத்துக்கொள்வதா?

உத்தரவு வந்த அன்று இரவு அதை நாங்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தோம். படையில் இருக்கும் என் கணவரின் கண் போனது யூனிட்டின் பெயருக்கும், போய்ச் சேர வேண்டிய தேதிக்கும். என் கண் போனது 36 மாதம் என்ற எண்ணுக்கு. மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட முடியவில்லை. "எல்லாரும் சேர்ந்தே போயிடலாம்" என்றார். நானும் சரி என்றேன். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிட முடிவுக்காக அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை அவருக்கு வெளிநாட்டுப் பணி வந்தது. ஒரு முறை ஓராண்டுக்கு அவர் மட்டும் போனார். இன்னொரு முறை அவர் முன்னால் போக, நானும் மகளும் 11 வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். ஆக, மூன்று வழியையும் பார்த்தாகிவிட்டது. முதன்முறை போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: பணி இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ என்றால், குடும்பத்துக்கும் அனுமதி உண்டு என்றால், படையில் இருப்பவர் முன்னால் போகட்டும், குடும்பம் இரண்டு மூன்று மாதம் கழித்துப் போகட்டும். ஓராண்டு என்றால் அவர் தனியாகப் போவதே மேல். எல்லாரும் ஒரே விமானத்தில் ஏறுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் இந்த வரிசை மாறும். எப்போது மாறும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில், முடிவு உங்கள் கையில் இருக்கிறதா?

பல இடங்களுக்குக் குடும்பத்தோடு போகவே முடியாது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டியாகோ கார்சியா, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இருக்கும் லெமோனியர் முகாம் இரண்டுக்கும் அமெரிக்கப் படையினர் தனியாகத்தான் போகிறார்கள். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போகும் படைப்பிரிவுகளும் அப்படித்தான். பிரிட்டிஷ் படைக்கு சைப்ரஸின் அக்ரோத்திரியிலும் தெகேலியாவிலும் குடும்பக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குறுகிய காலத்துக்குத் தனியாகப் போய் வருகிறவர்கள். குடும்பத்துக்கு அனுமதி இல்லாத இடம் உங்கள் உத்தரவில் இருந்தால், தனியாகப் போவதைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

குடும்பத்துக்கு அனுமதி உள்ள இடம் என்றால், பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது: நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துப் பணிக்காலமே மாறலாம். அமெரிக்கப் படையில் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ குடும்பத்தோடு போனால் பொதுவாக 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம். அப்படியானால் நீங்கள் எடை போட வேண்டியது சேர்ந்திருக்கும் மூன்று ஆண்டையும் பிரிந்திருக்கும் இரண்டு ஆண்டையும். சேர்ந்து மூன்று, பிரிந்து மூன்று என்று மனதில் கணக்குப் போட்டால் முடிவு தப்பாகிவிடும். உங்கள் படையின் விதி என்ன என்பதை யூனிட் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'குடும்பம்' என்றால் யார்? 1951 ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்தான, நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகளின் படைகள் பற்றிய ஒப்பந்தம் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: படையில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவி, அப்புறம் அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளை. அவ்வளவுதான். வயதான அம்மாவோ, கூடவே வளர்ந்த தம்பியோ அந்த வரிக்குள் வரமாட்டார்கள். வீட்டில் ஒரு முதியவர் உங்களை நம்பி இருந்தால் முதலில் தீர்க்க வேண்டியது அவருக்கான ஏற்பாட்டைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதே ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு விஷயங்களை நான் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். படையில் இருப்பவருக்கு எல்லை தாண்டப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை. அடையாள அட்டையும் பயண உத்தரவும் போதும். மனைவி மக்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், அவர்கள் படையினரைச் சார்ந்தவர்கள் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். அவருடைய லைசென்ஸை அந்த நாடு தேர்வில்லாமல் ஏற்க வேண்டும், அல்லது தேர்வில்லாமல் தன் லைசென்ஸைத் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த வரியில் படையினரும் படையோடு வரும் சிவில் ஊழியர்களும் இருக்கிறார்கள். மனைவி இல்லை. மனைவிக்கு என்ன வழி என்பது ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி ஏற்பாடு. போவதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி அது. புது ஊரில் வண்டி ஓட்ட முடியாதவளுக்கு வீடும் சிறையும் ஒன்றுதான்.

எல்லாரும் ஒரே விமானத்தில்

இதன் நன்மை சொல்லாமலே விளங்கும். பிரிவு இல்லை. குழந்தை அப்பாவைத் தேடி அழாது. சாமான் ஒரே தடவையில் போய்விடும். இரண்டு வீட்டுச் செலவு கிடையாது. இதையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் முதல் நான்கு வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் இறங்கியதும் தற்காலிக விடுதியில் ஓர் அறை கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் ஒதுக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சாமான் கடலில் இருந்தது. கையில் இருந்தது மூன்று பெட்டி. ஆறாவது நாள் அவர் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனார், திரும்பி வர 19 நாள் ஆகும் என்று. அவர்மேல் தப்பில்லை, யூனிட்மேலும் தப்பில்லை. புதிதாக வந்தவரைப் பயிற்சிக்கு அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவார்கள்?

அந்த வாரம் ஒரு ராத்திரி மகளுக்குக் காய்ச்சல் 39 டிகிரியைத் தாண்டியது. அறையில் இருந்த போனில் எந்த எண்ணை அழுத்தினால் ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது, எனக்குப் புரியாத மொழியில். வாசலில் காவலுக்கு நின்ற பையன்தான் தன் கைபேசியில் ஒருவரை அழைத்து, வண்டி பிடித்துக் கொடுத்தான். மகளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்கு அந்த அறையின் மஞ்சள் விளக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். வெளிநாட்டுப் பணியில் படையில் இருப்பவருக்கு முதல் நாளே ஒரு மேசை, ஒரு மேலதிகாரி, நாலு கூட்டாளிகள், ஒரு கால அட்டவணை எல்லாம் தயாராக இருக்கும். கூடப் போகிறவருக்கு எதுவும் இருக்காது. அதனால் முடிவை அவருடைய முதல் நாளை வைத்து எடுக்கக் கூடாது. கூடப் போகிறவர் மூன்றாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே இருப்பார், யாரோடு பேசுவார், அவசரம் என்றால் எதில் ஏறிப் போவார்? இதற்கு உங்களால் பதில் சொல்ல முடிந்தால் சேர்ந்தே போங்கள்.

குவார்ட்டர்ஸ் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, சாவி தரும் தேதி எழுத்தில் வந்திருந்தால் இந்த வழி நல்ல வழியே. கூடப் போகிறவர் முன்பு வெளிநாட்டில் வாழ்ந்து பழகியவர் என்றாலும் சரிதான். கர்ப்பமாக இருந்தால் நாள்கணக்கு முக்கியம்: 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கும், 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். பின்னால் போகலாம் என்று தள்ளிப்போட்டால் பிரசவத்துக்குள் போய்ச் சேர முடியாமல் ஆகலாம். அப்படி ஒரு நிலையில் சேர்ந்து போவதே சரி.

இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். குடும்பத்தோடு போன இடத்திலிருந்து குடும்பத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நிலை வரலாம். 2016 மார்ச் 29 அன்று துருக்கியின் அதானா, இஸ்மிர், முக்லா பகுதிகளில் இருந்த அமெரிக்கப் படையினரின் குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. படையினர் இருந்தார்கள், மனைவி மக்கள் கிளம்பினார்கள். இதற்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரே பையில் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அந்தப் பை இன்றைக்கும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

தனியாகப் போவது

ஓராண்டுப் பணிக்கு இதுதான் பொருத்தம். ஒரு வீட்டைக் கலைத்து, இன்னொரு நாட்டில் வீடு அமைத்து, பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியைப் பிடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். பிள்ளை முக்கியமான பொதுத்தேர்வு எழுதும் ஆண்டு என்றாலோ, மனைவியின் வேலை விட்டால் திரும்பக் கிடைக்காத வேலை என்றாலோ, நீண்ட பணிக்கும் இதையே யோசிக்கலாம். மனைவியின் வேலையைப் பற்றிப் பேசும்போது "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். படையினரின் குடும்பத்தினர் வெளியில் வேலை செய்யலாமா என்பதை அந்த நாட்டோடு உள்ள ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையை விடுங்கள்.

தனியாகப் போகிறவர் தன் பையைக் கட்டுவதைவிட வீட்டுக் காகிதங்களைக் கட்டுவதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அவர் போன இரண்டாவது வாரம் வாடகை கட்ட நான் வங்கிக் கணக்கைத் திறந்தேன். ஓடிபி அவருடைய எண்ணுக்குப் போனது. அந்த சிம் அங்கே வேலை செய்யவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து நான்கு நாளைக்கு ஒரு முறைதான் பேச முடிந்தது. ஒரு சின்ன ஆறு இலக்க எண்ணுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். கூட்டுக் கணக்கு என்று பெயரளவில் இருந்தால் போதாது. கைபேசி எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் வீட்டில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாக் கட்டணத்தையும் வீட்டில் இருப்பவர் தானாகக் கட்டிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பொது அதிகாரப் பத்திரம், உயில், நாமினி பெயர்கள், காப்பீடு ஆகியவற்றை உட்கார்ந்து முடிக்க ஒரு நாள் லீவு போடுங்கள். உயில் எழுதுவது அபசகுனம்போல எனக்கும் தோன்றியது. எழுதி முடித்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

மருந்து விஷயத்தில் வீட்டில் இருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவருக்கு டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மருந்து கொடுத்தால், அங்கிருந்து கிளம்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்துவிட்டு வந்தார் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் அதைக் கடைசி வாரத்துக்கு விடக் கூடாது. 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும்.

பிரிவைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். அவர் திரும்பி வந்த பிறகு வரும் மாதத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. ஓராண்டில் வீடு வேறு ஒழுங்குக்குப் பழகிவிட்டது. மகள் சாப்பிட்டதும் தானே தட்டைக் கழுவி வைக்கப் பழகியிருந்தாள். அவர் எழுந்து அவளுக்காகக் கழுவப் போனார். அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அதற்காகத் தனியாகப் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. திரும்பி வந்ததும் குறைந்தது இரண்டு வாரம் லீவு எடுங்கள், விருந்தினர் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முன்னால் ஒருவர், பின்னால் குடும்பம்

மூன்றாவது முறை நாங்கள் போனபோது விமான நிலையத்தில் அவர் கையில் வீட்டுச் சாவி இருந்தது. சாவி வளையத்தில் ஒரு அட்டை கோத்திருந்தார்: ஆஸ்பத்திரி எண், பள்ளிக்கூட எண், பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர். அந்த 11 வாரத்தில் பயிற்சிக்கு ஒரு முறை போய் வந்துவிட்டார். எந்தக் கடையில் பொருள் கிடைக்கும், எந்தப் பேருந்து எங்கே நிற்கும் எல்லாம் அவருக்குப் பழக்கம். முதல் முறை நானும் அவரும் சேர்ந்து தடுமாறினோம். இந்த முறை தடுமாறியதை அவர் தனியாக முடித்துவிட்டிருந்தார்.

இந்த வழிக்குப் பலர் சொல்லும் ஆட்சேபணை சாமான்களைப் பற்றியது: குடும்பம் பின்னால் வந்தால் சுங்கவரி கட்ட நேருமே என்று. நேட்டோ ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. படையினர் முதலில் வந்து சேரும்போதோ, அவரோடு சேர அவரைச் சார்ந்தவர் முதன்முறை வரும்போதோ, சொந்தச் சாமானையும் மேசை நாற்காலிகளையும் பணிக்காலத்துக்கு வரியில்லாமல் கொண்டுவரலாம். வேறு நாடுகளோடு உள்ள ஒப்பந்தங்களில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. இரண்டு மாதம் என்று நினைத்தது ஏழு மாதம் ஆகலாம். அப்படி ஆன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் காகிதம்தான். பல நாடுகளில் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவர் சம்மதமும் வேண்டும்; ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கே வாரங்கள் ஓடும். சில படைகளில், குடும்பத்தோடு பணி என்று புறப்படும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்காவிட்டால், பணி தனியாள் பணியாகவே பதிவாகிவிடும். அதனால் பின்னால் போவது என்று முடிவானாலும், எல்லாக் கையெழுத்தும் அவர் கிளம்புவதற்கு முன்பே முடிய வேண்டும். தாமதமாக வேண்டியது பயணம் மட்டும்தான்.

மருத்துவப் பரிசோதனையும் முன்பே முடிய வேண்டும். அமெரிக்கப் படையில் குடும்பத்தினருக்குத் தனி மருத்துவப் பரிசோதனை நடத்தி, தேவையான சிகிச்சை அந்த இடத்தில் கிடைக்குமா என்று பார்த்த பிறகுதான் அனுமதிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. உங்கள் படையில் இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளுங்கள். தினமும் சாப்பிடும் மருந்து அந்த நாட்டில் சட்டப்படி செல்லுமா என்றும் பாருங்கள். கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் ஆம்ஃபெடமின் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. பிள்ளை அந்த மருந்தில் இருந்தால் எந்த வழி என்ற கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை பெரிய படைகளுக்கு ஏற்பாடுகள் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 11 வெளிநாடுகளில் பள்ளிகள் நடத்துகிறது. பிரிட்டிஷ் படையில் பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் தொடர்ந்து படிக்கவைக்க ஒரு கல்விப்படி கொடுக்கிறார்கள். பின்னால் போகும் தேதியைப் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்தோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் பிள்ளைக்கு நல்லது. நடுவில் போய் உட்காரும் பிள்ளைக்குப் பெஞ்சில் ஓரத்து இடம்தான் கிடைக்கும்.

நாய் பூனை இருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள். ஜப்பானுக்குக் கொண்டுபோக வெறிநாய்க்கடி எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனை எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணி குடும்பத்தோடு பின்னால் வருவது இதனாலும் வசதி.

பணத்தைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. பின்னால் போவதில் இரண்டு மூன்று மாதம் இரட்டைச் செலவு வரும், தனியாகப் போவதில் முழுக் காலமும் வரும். குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்குத் தரும் படி எவ்வளவு, எப்போதிலிருந்து என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

சிலர் நான்காவதாக ஒரு வழி சொல்வார்கள்: அனுமதி கிடைக்காவிட்டால் என்ன, சுற்றுலா விசாவில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். படை ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ், பள்ளி எதற்கும் உரிமை இருக்காது. ஏதாவது கலவரம் என்றால் வெளியேற்றும் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதே கேள்வி. பார்த்துவிட்டு வருவதற்கு இரண்டு வாரம் போய் வாருங்கள், குடியிருக்கப் போகாதீர்கள்.

உத்தரவு வந்த வாரமே போகும் யூனிட்டில் ஒருவரைப் பிடியுங்கள். பல படைகளில் புதிதாக வருகிறவரைக் கவனிக்க ஒருவரை நியமிப்பார்கள். அவரிடம் மூன்று தேதி கேளுங்கள்: வீட்டுச் சாவி எப்போது கிடைக்கும், முதல் களப்பயிற்சி எப்போது, பள்ளிப் பருவம் எப்போது தொடங்குகிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தோம் நாங்கள். அதைப் பார்த்து மூன்றாம் நாள் நான்தான் சொன்னேன், "நீங்க முதல்ல போங்க, நாங்க பின்னாடி வர்றோம்" என்று.